விருதுப் பட்டியல் படங்களைக் கொழும்பில் வீட்டிலிருந்தே பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒஸ்கார் பரிந்துரைகள் வெளியாகும் ஒவ்வோர் ஆண்டும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பம்பலப்பிட்டியிலும் இருக்கும் உறவினர்களும் நண்பர்களும் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. அமெரிக்க வாசகருக்காக எழுதப்படும் வழிகாட்டிகள் இங்கே பாதிதான் பொருந்தும் என்பதால், கொழும்பில் வீட்டிலிருந்து பார்ப்பவருக்கு உதவக்கூடிய பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

எப்போது பார்க்கத் தொடங்க வேண்டும்?

பரிந்துரைகள் பெரும்பாலும் ஜனவரியின் பிற்பகுதியில் அறிவிக்கப்படுகின்றன. விழா மார்ச் மாதத்தில் நடைபெறுகிறது. 2024இல் ஜனவரி 23க்கும் மார்ச் 10க்கும் இடையில் ஏறத்தாழ ஏழு வாரங்கள் கிடைத்தன. 2025இல் ஜனவரி 23க்கும் மார்ச் 2க்கும் இடையில் ஐந்தரை வாரங்கள்தான் கிடைத்தன. வேலையும் பிள்ளைகளின் டியூஷனும் உள்ள வீட்டில் இது போதாது. ஆனால், ஆவணப்படம், சர்வதேசத் திரைப்படம், குறும்படம் ஆகிய பிரிவுகளுக்கு டிசம்பர் மாதத்திலேயே பிரிவுக்குப் பதினைந்து படங்களைக் கொண்ட முன்தேர்வுப் பட்டியல் வெளியாகிவிடுகிறது. நத்தார் விடுமுறைக்குள் அந்தப் பட்டியலைக் கையில் எடுப்பவருக்கு ஒரு மாதம் கூடுதலாகக் கிடைக்கிறது. பெப்ரவரி 4 சுதந்திர தினமும் நவம் பௌர்ணமி விடுமுறையும் நீளமான படங்களுக்கு ஏற்ற நாட்கள்.

சிறந்த படத்துக்கான பத்துப் படங்களையும் முதலில் பார்த்து முடிக்க வேண்டாமா?

பெரும்பாலானோர் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். என் கருத்தில் அது தவறான இடம். சிறந்த படப் பிரிவில் 2022 விழாவிலிருந்து நிலையாகப் பத்துப் படங்கள் இடம்பெறுகின்றன. அவற்றுள் பெரிய நிறுவனங்கள் வெளியிட்டவை எப்படியும் நம்மிடம் வந்து சேரும்: சில கொழும்புத் திரையரங்குகளில் முன்பே ஓடியிருக்கும், மற்றவை சில மாதங்களில் ஏதாவதொரு சேவையில் தோன்றும், நண்பர்களும் அவற்றைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார்கள். பட்டியல் இல்லாவிட்டால் நம் கண்ணில் படவே வாய்ப்பில்லாத படங்கள் மற்றப் பிரிவுகளில்தான் இருக்கின்றன. டென்மார்க்கில் தஞ்சமடைந்த ஆப்கானியர் ஒருவரின் கதையைச் சொல்லும் 'ஃப்ளீ' 2022இல் ஆவணப்படம், அனிமேஷன், சர்வதேசத் திரைப்படம் ஆகிய மூன்று பிரிவுகளிலும் பரிந்துரைக்கப்பட்டது. எல்லைகளைக் கடப்பதற்கு யாரோ ஒருவருக்குப் பணம் கட்டிக் காத்திருப்பது என்றால் என்னவென்று அறிந்த குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ உண்டு. அத்தகைய வீடொன்றில் அந்தப் படம் பார்க்கப்படும் விதமே வேறு. சிறந்த படத்துக்கான பத்தை மட்டும் முடித்துவிட்டு நிறுத்துகிறவருக்கு இத்தகைய படம் தப்பிப்போகிறது.

ஆகவே நான் பரிந்துரைக்கும் வரிசை இது: முதலில் குறும்படங்கள், அடுத்து ஆவணப்படங்களும் சர்வதேசத் திரைப்படங்களும், அதன் பின்னர் மிச்சமிருக்கும் நேரத்துக்கு ஏற்பச் சிறந்த படப் பிரிவு. எல்லாவற்றையும் பார்த்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் ஒஸ்காரை வழங்கும் அமைப்பான அகாடமியில் வாக்களிக்கும் உறுப்பினர்களுக்குத்தான் உண்டு; ஒரு பிரிவில் இறுதி வாக்களிப்பதற்கு அப்பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட எல்லாப் படங்களையும் பார்த்திருக்க வேண்டும் என்ற விதி அவர்களுக்கே 2025இல்தான் அறிவிக்கப்பட்டது.

குறும்படங்கள் உண்மையிலேயே பார்க்கத் தக்கவையா? அவை எங்கே கிடைக்கும்?

பிரிவுகள் அனைத்திலும் எனக்கு மிகவும் நெருக்கமானது இதுதான். அகாடமியின் விதிப்படி, பெயர்ப்பட்டியல் ஓடும் நேரத்தையும் சேர்த்து 40 நிமிடங்களைத் தாண்டாத படமே குறும்படமாகக் கருதப்படும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, மறுநாள் காலை வேலைக்குப் போகவேண்டியவரும் முழுமையான ஒரு படைப்பைப் பார்த்து முடித்துவிட்டு உறங்கச் செல்லலாம். கதைப்படம், அனிமேஷன், ஆவணப்படம் என்ற மூன்று குறும்படப் பிரிவுகளிலும் தலா ஐந்து படங்கள் இருக்கும். அவற்றுள் சில நெட்பிளிக்ஸிலும், சில அமெரிக்கப் பத்திரிகைகளின் யூடியூப் பக்கங்களில் இலவசமாகவும் கிடைப்பதுண்டு.

2023இல் சிறந்த ஆவணக் குறும்பட விருதைப் பெற்ற 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' பற்றித் தமிழ் வாசகருக்குத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் பெயரை மட்டும் கேள்விப்பட்டு, படத்தைப் பார்க்காமல் விட்டவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். கார்த்திகி கொன்சால்வ்ஸ் இயக்கிய இந்தப் படம் முதுமலையின் தெப்பக்காடு யானைகள் முகாமில், தாயை இழந்த யானைக்குட்டிகளை வளர்க்கும் பொம்மன், பெள்ளி தம்பதியரைப் பின்தொடர்கிறது. படத்தில் அவர்கள் பேசுவது தமிழ். யானைக்கும் மனிதனுக்கும் இடையிலான மோதல் ஆண்டுதோறும் இரு பக்கமும் உயிர்களைப் பறிக்கும் ஒரு நாட்டில், யானையைப் பிள்ளையாக வளர்ப்பவர்களை நம் மொழியிலேயே கேட்பது சிறிய அனுபவமல்ல. படம் நெட்பிளிக்ஸில் இருக்கிறது. குறும்படங்களைத் தொடங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

சர்வதேசத் திரைப்படப் பிரிவுக்குப் படங்கள் எப்படித் தெரிவாகின்றன? தமிழ்ப் படங்கள் அதில் ஏன் இல்லை?

ஒவ்வொரு நாடும் ஆண்டுக்கு ஒரே ஒரு படத்தை மட்டுமே அனுப்பலாம். அவற்றிலிருந்து முன்தேர்வில் பதினைந்தும், இறுதியில் ஐந்தும் தெரிவாகின்றன. இந்தியா 'தெய்வமகன்' (1969) தொடங்கி 'நாயகன்', 'தேவர் மகன்', 'இந்தியன்', 'ஹே ராம்', 'விசாரணை', 'கூழாங்கல்' எனப் பல தமிழ்ப் படங்களை அனுப்பியிருக்கிறது. அவற்றுள் ஒன்றும் இறுதி ஐந்துக்குள் வரவில்லை. இந்தியாவிலிருந்து இதுவரை அந்த இடத்தை எட்டியவை 'மதர் இந்தியா', 'சலாம் பொம்பே', 'லகான்' என்ற மூன்று ஹிந்திப் படங்களே. இலங்கைப் படம் எதுவும் இன்னும் அங்கே சென்று சேரவில்லை.

ஒரு நாட்டுக்கு ஒரு படம் என்ற விதியின் விளைவு நம்மை நேரடியாகத் தொட்டிருக்கிறது. இலங்கையிலிருந்து பிரான்சுக்குச் சென்ற அகதிகளைப் பற்றிய, பெரும்பகுதி தமிழிலேயே பேசப்பட்ட 'தீபன்', 2015இல் பிரான்சில் நடக்கும் கான் திரைப்பட விழாவின் மிக உயர்ந்த விருதான தங்கப் பனையை வென்றது. அதன் முதன்மைப் பாத்திரத்தில் நடித்தவர் எழுத்தாளர் ஷோபாசக்தி. எனினும் அந்த ஆண்டு பிரான்ஸ் ஒஸ்காருக்கு அனுப்பியது துருக்கி மொழியில் அமைந்த 'முஸ்தாங்' என்ற படத்தை. அதுவும் நல்ல படம்தான், இறுதி ஐந்துக்குள்ளும் வந்தது. ஆனால், 'தீபன்' ஒஸ்காரின் அந்தப் பட்டியலுக்குள் நுழைவதற்கான வாசல் அத்துடன் மூடப்பட்டுவிட்டது. 2023இலும் பிரான்ஸ், தங்கப் பனை வென்ற 'அனட்டமி ஒஃப் எ ஃபோல்' படத்தை விட்டுவிட்டு வேறொன்றை அனுப்பியது. அந்தப் படமோ மற்றப் பிரிவுகளின் வழியாகப் போட்டியிட்டுச் சிறந்த மூலத் திரைக்கதைக்கான ஒஸ்காரைப் பெற்றது. 2024இல் கானில் இரண்டாவது பெரிய விருதான கிராண்ட் பிரீயைப் பெற்ற பாயல் கபாடியாவின் 'ஓல் வீ இமேஜின் அஸ் லைட்' படத்தையும் இந்தியத் தெரிவுக் குழு அனுப்பவில்லை.

இதனால்தான் ஒஸ்கார் பட்டியலுடன் கான், வெனிஸ், பெர்லின் விழாக்களின் பட்டியலையும் சேர்த்துப் பாருங்கள் என்று சொல்கிறேன்.

அப்படியானால் இலங்கைப் படங்களில் எவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம்?

லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' 1957இல் கானின் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது. அவருடைய 'கம்பெரலிய' 1965இல் இந்தியச் சர்வதேசத் திரைப்பட விழாவில் தங்க மயில் விருதைப் பெற்றது. விமுக்தி ஜயசுந்தரவின் 'சுலங்க எனு பிணிச', முதற்படங்களுக்காகக் கானில் வழங்கப்படும் கெமரா டோர் விருதை 2005இல் இன்னொரு படத்துடன் பகிர்ந்துகொண்டது. தமிழில், ஜூட் ரட்ணத்தின் ஆவணப்படமான 'டீமன்ஸ் இன் பாரடைஸ்' 2017இல் கானில் திரையிடப்பட்டது. இனப்போரைப் பற்றிய அதன் பார்வையோடு உடன்படாதவர்கள் தமிழர்களிடையே பலர் உண்டு, அந்த விவாதத்துக்காகவே அதைப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தைக் களமாகக் கொண்டு தர்மசேன பத்திராஜ தமிழில் இயக்கிய 'பொன்மணி' (1977) விருதுகளால் அறியப்பட்ட படமல்ல என்றாலும், இந்த வரிசையில் அதைச் சேர்க்காமல் விட எனக்கு மனம் வரவில்லை.

வழிகாட்டியில் குறிப்பிட்ட படம் என் கணக்கில் ஏன் காட்டுவதில்லை?

படங்களின் ஒளிபரப்பு உரிமை நாடு நாடாக விற்கப்படுகிறது. அமெரிக்காவில் ஒரு சேவையில் இருக்கும் படம், இங்கே வேறு சேவையில் இருக்கலாம். எதிலும் இல்லாமலும் போகலாம். சேவையே சொந்தமாகத் தயாரித்த அல்லது உலக உரிமையை வாங்கிய படங்கள் மட்டும் விதிவிலக்கு. 2019இல் பத்துப் பரிந்துரைகளைப் பெற்ற 'ரோமா'வும் 2023இல் நான்கு ஒஸ்கார்களை வென்ற ஜெர்மானியப் படமான 'ஓல் குவையட் ஒன் த வெஸ்டர்ன் ஃப்ரண்ட்'டும் நெட்பிளிக்ஸின் சொந்தப் படங்கள்.

காலதாமதத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒஸ்காருக்குத் தகுதி பெற, பொதுவாக ஒரு படம் குறிப்பிட்ட ஆறு அமெரிக்க நகரப் பகுதிகளில் ஒன்றிலாவது தொடர்ந்து ஏழு நாட்கள் திரையரங்கில் ஓடியிருக்க வேண்டும். விருதை எதிர்பார்க்கும் படங்கள் பலவற்றை ஆண்டின் கடைசி மாதங்களில் அங்கே வெளியிட்டுவிட்டு, மற்ற நாடுகளுக்குப் பின்னர் அனுப்புகிறார்கள். ஜனவரியில் இங்கே தேடிக் கிடைக்காத படத்தை ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறைக்கு முன்னர் மீண்டும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

எந்தச் சேவைக்குச் சந்தா கட்டுவது நல்லது?

நெட்பிளிக்ஸ், அமேசான் பிரைம் வீடியோ ஆகிய இரண்டும் 2016இலிருந்தே இலங்கையில் இயங்குகின்றன. விழாக்களில் பேசப்பட்ட படங்களில் ஆர்வம் உள்ளவருக்கு மூபி பொருத்தமானது. எல்லாவற்றையும் ஆண்டு முழுவதும் வைத்திருக்க வேண்டியதில்லை. பட்டியல் வந்ததும் ஒவ்வொரு சேவையின் தேடுபெட்டியிலும் நீங்கள் பார்க்க விரும்பும் பெயர்களைத் தட்டிப் பார்த்து, அதிகம் கிடைக்கும் சேவைக்கு பெப்ரவரியில் ஒரு மாதமும், அடுத்ததற்கு மார்ச்சில் ஒரு மாதமும் கட்டி நிறுத்திவிடலாம். நெட்பிளிக்ஸ் கட்டணம் டொலரில் அறவிடப்படுவதால், ரூபாய்க் கணக்கில் மாதத்துக்கு மாதம் சிறு வேறுபாடு வரும். டெபிட் கார்டில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு முடக்கப்பட்டிருந்தால், வங்கியிடம் சொல்லி அதைத் திறக்க வேண்டும்.

எவ்வளவு டேட்டா செலவாகும்?

நெட்பிளிக்ஸ் தரும் கணக்கின்படி, சாதாரணத் தரத்தில் மணித்தியாலத்துக்கு 1 ஜிபி வரையிலும், எச்டி தரத்தில் 3 ஜிபி வரையிலும், 4கே தரத்தில் 7 ஜிபி வரையிலும் செலவாகலாம். சிறந்த படத்துக்கான பத்தும் சராசரியாக இரண்டே கால் மணித்தியாலம் ஓடும் என்று வைத்துக்கொண்டால், எச்டி தரத்தில் 65 ஜிபிக்கு மேல் போகக்கூடும். ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டில் இது பெரிய சுமையல்ல. கைத்தொலைபேசி டேட்டாவையோ 4ஜி ரவுட்டரையோ நம்பியிருப்பவர்கள் சாதாரணத் தரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், அல்லது பெக்கேஜில் இரவு நேரத்துக்குத் தனிப் பங்கு இருந்தால் அந்நேரத்தில் கைத்தொலைபேசியிலோ டேப்லட்டிலோ பதிவிறக்கி வைத்துக்கொள்ளலாம். பதிவிறக்கிய சில படங்கள், ஓடவிட்ட 48 மணித்தியாலங்களில் காலாவதியாகும்; ஆகவே பார்க்கத் தொடங்கினால் முடித்துவிடுங்கள்.

அம்மா, அப்பாவுக்கு ஆங்கில சப்டைட்டிலை வேகமாக வாசிப்பது கடினமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

இது உண்மையான இடர்ப்பாடு. "பழகிவிடும்" என்று சொல்லிக் கடந்துவிடக் கூடாது. தமிழ் சப்டைட்டிலோ தமிழ்க் குரலோ உள்ள படங்கள் குறைவு. அவை உள்ளனவா என்பதைப் படத்தின் விபரப் பக்கத்தில் முன்கூட்டியே பார்த்துவிட்டுத் தெரிவுசெய்யுங்கள். கணக்கின் அமைப்புகளில் எழுத்தைப் பெரிதாக்கி, பின்னால் கறுப்புப் பட்டை வைத்தால், கண்புரை உள்ளவர்களுக்கும் வாசிப்பு எளிதாகும். பெரியவர்களோடு பார்க்கும்போது, பேச்சு குறைந்த படங்களை முதலில் எடுங்கள். 2025இல் சிறந்த அனிமேஷன் விருதை வென்ற லாத்வியப் படமான 'ஃப்ளோ'வில் ஒரு சொல்கூடப் பேசப்படுவதில்லை. வெள்ளத்தில் அகப்பட்ட பூனையும் மற்ற விலங்குகளும் ஒரு படகில் செல்லும் கதை அது. அம்மம்மாவும் பேரப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டு பார்க்கக்கூடியது.

பக்கத்தில் இருந்து வரிக்கு வரி மொழிபெயர்ப்பதை விட, படம் தொடங்குமுன் இடத்தையும் காலத்தையும் ஆட்களையும் பற்றி இரண்டு நிமிடம் சொல்லிவிடுவது நல்லது. நடிப்பும் முகங்களும் மிச்சத்தைச் சொல்லிவிடும்.

அனிமேஷன் என்றால் பிள்ளைகளோடு பார்க்கலாம்தானே?

இல்லை. மேலே சொன்ன 'ஃப்ளீ' சிறுவர்களுக்கான படமல்ல. வயதுக் குறிப்பைப் பார்த்த பின்னரே தெரிவுசெய்யுங்கள். ஐயம் இருந்தால் பெரியவர் ஒருவர் முதலில் பார்த்துவிடுவது பாதுகாப்பானது.

மூன்று மணித்தியாலம் ஓடும் படத்தை இரண்டு நாளாகப் பிரித்துப் பார்க்கலாமா?

கூடுமானவரை வேண்டாம். 'ஒப்பன்ஹைமர்' 180 நிமிடங்கள் ஓடுகிறது. அதன் கடைசிப் பகுதி, முதல் மணித்தியாலத்தில் கேட்ட பேச்சுகளை நினைவில் வைத்திருப்பவருக்கே முழுமையாகப் புரியும். இடைவேளை என்பது நம் திரையரங்குப் பழக்கத்தில் ஊறியது, அதில் தவறில்லை. 'தி புரூட்டலிஸ்ட்' படத்திலோ 15 நிமிட இடைவேளையைப் படத்தை எடுத்தவர்களே உள்ளே வைத்திருக்கிறார்கள். வீட்டில் தேநீருக்காக ஒருமுறை எழும்புவதைப் படம் தாங்கும். ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் கைத்தொலைபேசியை எடுப்பதைத் தாங்காது. ஒரே இருப்பில் பார்க்க இயலாத வாரங்களில் குறும்படங்களுக்குத் திரும்புங்கள்.

படம் நாடகத் தொடர் போலத் தெரிகிறது. பேச்சும் சரியாகக் கேட்பதில்லை. என்ன காரணம்?

முதலாவதற்குக் காரணம், தொலைக்காட்சி தானாகவே இடையில் படச்சட்டங்களைச் சேர்த்து அசைவை வழுவழுப்பாக்குவது. பட அமைப்புகளில் அந்த வசதியை நிறுத்திவிடுங்கள், அல்லது ஃபில்ம்மேக்கர் மோட் இருந்தால் அதைத் தெரிவுசெய்யுங்கள். இரண்டாவதற்குக் காரணம், பல ஒலிபெருக்கிகளுக்காகக் கலக்கப்பட்ட 5.1 ஒலி இரண்டே ஒலிபெருக்கிகள் உள்ள தொலைக்காட்சியில் ஒலிப்பது. மொழித் தெரிவில் ஸ்டீரியோ அல்லது 2.0 இருந்தால் அதற்கு மாற்றினால் பேச்சு தெளிவாகும்.

கிடைக்காத படத்தைத் திருட்டுப் பிரதியில் பார்த்தால் என்ன?

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் அத்தகைய பிரதிகளைத் தயாரிப்பதும் விற்பதும் குற்றம். சட்டத்தை விடவும் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, ஆவணப்படங்களையும் சிறு நாடுகளின் படங்களையும் எடுப்பவர்கள் அடுத்த படத்துக்கான பணத்தை இந்தச் சிறிய வருமானத்தில் இருந்துதான் திரட்டுகிறார்கள் என்பது. கொழும்பு 7இல் உள்ள அலியான்ஸ் ஃபிரான்சேயும் கொயேதே நிறுவகமும் திரையிடல்களை நடத்துவதுண்டு. ஐரோப்பியப் படங்களைத் தேடுபவர்கள் அவற்றின் நிகழ்ச்சி அறிவிப்புகளைக் கவனித்து வரலாம்.

விழாவை இங்கிருந்து நேரடியாகப் பார்க்க எத்தனை மணிக்கு எழும்ப வேண்டும்?

லொஸ் ஏஞ்சலிஸில் ஞாயிறு மாலை நடக்கும் விழா நமக்குத் திங்கள் அதிகாலை. 2024இல் அது அதிகாலை 4.30க்கும், 2025இல் 5.30க்கும் தொடங்கியது. இரண்டு ஆண்டுகளிலும் அங்கே நேரம் மாலை 4 மணிதான். 2024 விழா நாளில் அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியிருந்தது, 2025 விழா அந்த மாற்றத்துக்கு ஒரு வாரம் முன்னர் நடந்தது. ஆகவே விழாத் திகதி மார்ச்சின் இரண்டாவது ஞாயிறுக்கு முன்னரா, அல்லது அந்த நாளிலோ பின்னரோ என்று பார்த்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். விழா மூன்றரை மணித்தியாலத்துக்கு மேல் நீள்வது வழமை என்பதால், முழுவதையும் பார்க்க நினைப்பவர் அலுவலகத்தில் அரைநாள் விடுமுறை கேட்க வேண்டியிருக்கும். 2029இலிருந்து விழா யூடியூப்பில் உலகம் முழுவதற்கும் இலவசமாக ஒளிபரப்பாகும் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது.